சுத்தபோசன வெள்ளியும் வறுத்த ஈசலும்

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சோற்று வாசனையே ஆகாது. கண்டி டவுனில் மாமியார் வீட்டுக் குசினிக்கும் முன்வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். உட்கார்ந்தால் குமட்டும், படுத்தால் எரிச்சல் வரும். மாமி கஞ்சி தந்தாலும் கருவாடு தந்தாலும் உள்ளே தங்காது. என் நாக்கு கேட்டது ஒன்றைத்தான், வறுத்த ஈசல். நான் பிறந்து வளர்ந்த பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்தில் மழை விட்ட அந்தியில் விளக்கடியில் தண்ணீர் வைத்துப் பிடித்து, சிறகு போகப் புடைத்து, அரிசியோடு வறுப்பார்கள். டவுன்காரர்களிடம் அதை எந்த முகத்தோடு கேட்பது? அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

அம்மா டப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கிய நாள், தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கரான எங்களுக்கு அன்று சுத்தபோசனம், இறைச்சி தொடக்கூடாது. அம்மாவும் செபமாலையைக் கைவிடாதவள்தான். ஆனால் எங்கள் லயத்தில் ஈசல் இறைச்சிக் கணக்கில் சேராது. இரத்தம் இல்லாததெல்லாம் மரக்கறி மாதிரி என்று வெள்ளிக்கிழமையும் தின்போம்.

மாமி டப்பாவைத் திறந்தார். முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே இவளுக்கு ஒன்றும் தங்கவில்லை, பெரிய வெள்ளி நெருங்குகிற நேரத்தில் இதையும் தின்றால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தார். ஆண்டவருக்கே ஞானஸ்நானம் கொடுத்த அருளப்பர் வனாந்தரத்தில் வெட்டுக்கிளி தின்றுதானே கிடந்தார் என்று அம்மா விடவில்லை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதாகமத்தைப் புரட்டினார். வெட்டுக்கிளிக்குத் தத்துகிற கால் உண்டு, அதனால் அது ஆகும். மற்றப் பறக்கிற பூச்சியெல்லாம் அருவருப்பு என்று லேவியராகமத்தில் விரலை வைத்தார். பன்றியும் ஆகாதென்று அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது, நத்தார்ப் பண்டிகைக்கு மாமா அதையே வெளுத்துக் கட்டினாரே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அம்மா டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பக் கொண்டுபோகப் போகிறாள் என்று புரிந்ததும் எனக்கு அழுகை முட்டியது, கூடவே எல்லோர் மேலும் ஆத்திரம். டப்பாவைப் பிடுங்கி, நின்றபடியே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். மாமா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவேன் என்றுதான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். நான் ஓடவில்லை. இன்னொரு பிடி அள்ளினேன். மாமி எழுந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"தின்னும்மா. பாவம்னா அது என் பேர்ல இருக்கட்டும். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல நான் சொல்லிக்கிறேன்."

அம்மாவுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது.

"பெத்தவ நான் இருக்கேன், சம்மந்தி. என் புள்ள பாவத்த நீங்க எதுக்கு சுமக்கணும்?"

இல்லாத ஒரு பாவத்துக்காக இரண்டு தாய்மாரும் மல்லுக்கட்ட, நான் டப்பாவின் அடியை வழித்துக்கொண்டிருந்தேன். அன்று தின்றது அப்படியே தங்கியது.