வெள்ளிக்கிழமை சொன்ன மகிமை

துறைமுகத்துக்குப் போகும் லொறிகளுக்காகப் பாதையை அகலமாக்கியபோது, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையின் முகப்பிலிருந்த சின்ன மாதா கோயிலை ஒரே காலையில் இடித்துவிட்டார்கள். பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் கோயில். மாதா சுரூபத்தைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுபோகப் பங்குப் பாதிரியாரான சுவாமி வந்தார். பெண்கள் விடவில்லை. ஒக்டோபர் மாதம் மாதா வீடு வீடாகப் போவது எங்கள் வழக்கம். இனி வருடம் முழுக்கப் போகட்டும் என்றார்கள்.

"சரி," என்றார் சுவாமி. "ஆனா ஒரு நாள் செபமாலை தவறினாலும் சுரூபம் என்னோட வந்திரும்."

எங்கள் வீட்டு முறை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. செபத்தை மனைவிதான் நடத்துவாள். நான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். அன்று அவள் மட்டக்குளியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். யுத்த காலம்; மத்தியானம் நகரில் எங்கோ குண்டு வெடித்தது. நாலு மணிக்கு ஊரடங்கு. அவள் திரும்ப வழியில்லை. ஒழுங்கையில் ஆமிக்காரர் நின்றதால் அயலவரும் வர முடியாது. வீட்டில் சுரூபமும் நானும்தான்.

ஆறரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா பலகைச் சுவரைத் தட்டினார். "தம்பி, இன்னும் தொடங்கலியா? மாதா போயிருவாவே!"

"எனக்கு ஏலாது அக்கா."

"அவ்வளவு பெரிய மூட்டை தூக்குறாய், ஒரு செபம் ஏலாதா?"

மெழுகுதிரியைக் கொளுத்தி, ஜன்னலைத் திறந்து தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுவருக்கு அப்பால் அக்கா பதில் செபம் சொன்னார். பிறகு எதிர்வீடு. பிறகு பூட்டிய கதவு ஒவ்வொன்றின் பின்னாலிருந்தும் பதில் வந்தது. எனக்கும் சத்தம் வந்துவிட்டது.

செபமாலையின் ஐந்து பத்துகளில் மூன்றாவதில் எதிர்வீட்டுக் கிழவர் கத்தினார். "டேய், இண்டைக்கு வெள்ளிக்கிழமை! யேசு பாடுபட்ட துக்க இரகசியம் சொல்லணும். நீ உயிர்ப்பு, பரலோகம் எண்டு மகிமை இரகசியத்தைச் சொல்லிட்டிருக்கிறாய்!"

"சும்மா இருங்க பெரியவர்," என்றார் அக்கா. "துக்கம் நமக்குப் போதாதா? தம்பி, நீ மகிமையையே சொல்லு!"

கதவுகளுக்குப் பின்னால் ஒழுங்கையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு ஐந்து பத்தையும் முடித்தேன்.

காலையில் ஊரடங்கு எடுத்ததும் சுவாமி வந்தார். அவர் கேட்குமுன் கிழவரே சொன்னார்: "நடந்தது சுவாமி. பிழையா நடந்தது. ஆனா நடந்தது."

சுவாமி சுரூபத்தைத் தூக்கி என் கையில் தந்தார். அதை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அன்று சனிக்கிழமை, அந்தக் காலத்து முறைப்படியே மகிமை. மாலையில் என்னைத்தான் தொடங்கச் சொன்னார்கள். தொடங்கினேன்.