மலைக்கு அடியில் முப்பத்தொன்று வரை

கண்டியில் எங்கள் கோயில் மண்டபத்தில் பாற்கடல் கடைந்த கதையை நாடகமாகப் போட்டபோது எனக்கு வயது இருபத்தெட்டு. நகரசபையில் கிளாக்கர் வேலை. நாடகம் முடிந்ததும் அதன் உட்பொருளைப் பதினொரு நிமிடம் விளக்கிப் பேசுவது மட்டுமே என் பொறுப்பு. மலை என்பது மனம், அதைச் சுற்றிய பாம்பு ஆசை, இருபுறமும் இழுப்பவர்கள் நமக்குள் இருக்கும் நல்ல எண்ணமும் கெட்ட எண்ணமும், எந்த முயற்சியிலும் அமிர்தத்துக்கு முன் நஞ்சுதான் வரும் என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர் ரயிலேறி வந்திருந்தார். அவர் மகளை எனக்குக் கேட்டிருந்தோம். அதற்கு முன் மூன்று வீட்டில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். இரண்டாவது வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் ஜன்னல் கம்பிகளை எண்ணியது என் தவறுதான். இந்த நாலாவது இடமும் போய்விடுமோ என்று ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை.

அன்று காலை, ஆமையாக நடிக்க இருந்தவருக்கு வயிற்றோட்டம். வேறு ஆளில்லை என்று என்னை மேசைக்கு அடியில் குனிய வைத்து, தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடை ஒன்றைத் தலையோடு கவிழ்த்துவிட்டார்கள். மேசையின் மேல் ஆறு தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் பச்சைத் தாள் ஒட்டிய மலை. மலையைச் சுற்றிக் கயிறு. ஒரு முனையில் தேவர்கள் ஏழு பேர், எல்லாரும் கிளாக்கர்மார். மறுமுனையில் அசுரர்கள் ஏழு பேர், தெருவில் தண்ணீர்க் குழாய் பதிப்பவர்கள். சித்திரை வருஷப் பிறப்புக் கயிறிழுப்புப் போட்டியில் நான்கு வருஷமாகத் தோற்காதவர்கள்.

ஒத்திகையிலேயே அசுரர்களில் மூத்தவர் என்னிடம் கேட்டார்.

"ஐயா, இதுல யாரு ஜெயிக்கிறது?"

"யாரும் ஜெயிக்கிறதில்ல. ஒருத்தர் இழுக்கும்போது மத்தவர் விட்டுக் குடுக்கணும். அப்பதான் கடல் கடையும்."

"விட்டுக் குடுக்கிறதுக்கு எதுக்குய்யா கயிறு?"

நான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். ஒற்றை எண்ணுக்குத் தேவர் இழுக்க வேண்டும், இரட்டை எண்ணுக்கு அசுரர் இழுக்க வேண்டும், அடியில் இருக்கும் ஆமை உரக்க எண்ண வேண்டும் என்று மட்டும் முடிவானது.

ஒன்பது வரை ஒழுங்காகப் போனது. பத்து என்றபோது சபையில் யாரோ, "விடாதீங்கடா, இழுங்கடா" என்றார்கள். பதினொன்று சொன்னேன். அசுரர்கள் விடவில்லை. தேவர்கள் ஏழு பேரும் மேடையைக் கடந்து அசுரர்கள் மேல் விழ, பதினான்கு பேரும் பக்கத்துப் படியில் உருண்டார்கள். மேசையும் மலையும் கூடவே போயின. இதெல்லாம் பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. கூடைக்குள் ஒன்றும் தெரியவில்லை. மேசை முட்டிக்கொண்டிருந்த முதுகு திடீரென்று இலேசானதை மட்டும் உணர்ந்தேன். சபை சிரித்தது. நாடகம் பிடித்திருக்கிறது என்று நினைத்து இன்னும் உரக்க எண்ணினேன்.

முப்பத்தொன்றில் யாரோ கூடையைத் தூக்கினார்கள். அசுரர்களில் மூத்தவர்தான்.

"ஐயா, போதும். நாங்க ஜெயிச்சிட்டோம்."

பூசைக்கு நேரமாகிவிட்டது என்று என் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான்கு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் முன் போய் நின்றேன். தலையிலிருந்து கொழுந்துத் தூசி கொட்டியது.

"பதினாலு பேரும் உருண்டு போயிட்டாங்க. மலையும் போச்சு. நீங்க மட்டும் ஏன் தம்பி எண்ணிக்கிட்டே இருந்தீங்க?" என்று கேட்டார்.

"யாரும் நிறுத்தச் சொல்லலீங்க."

அவர் என் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார். "கடையில எனக்கு அப்படி ஒரு ஆள் கெடைக்கல. பங்குனி போகட்டும். சித்திரையில பொண்ணு பார்க்க வாங்க."

ஆமை என்பது பொறுமை, எல்லாம் சரிந்தாலும் இருந்த இடத்தை விடாதது என்று அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு மேடைகளில் பேசியிருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட என் மனைவி ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து ஒன்றைத்தான் சொல்வாள்:

"உங்களுக்குக் கூடையில இருந்து வெளிய வரத் தெரியல. எங்கப்பாகிட்ட அதை மட்டும் சொல்லாம விட்டீங்க."