நீலக் கேட் வீட்டுக்குப் போன பூங்கொத்து

ரிப்பன் அக்காவின் பூக்கடையில் பதினொரு மணிக்குள் போன் செய்தால், அன்று சாயங்காலத்துக்குள் பூங்கொத்து வாசலுக்குப் போய்விடும். கொண்டுபோவது அவள் புருஷன். ஆனால் பூ யாருக்கு என்று அவரிடம் பெயர் சொல்லவே மாட்டாள். தெருவையும் கேட்டின் நிறத்தையும் மட்டும் சொல்லி அனுப்புவாள்.

பின்னே? முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். அந்த வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. ஊரோ உள்ளங்கை அகலம். தபால்காரர் மனைவிக்கு ரோஜா போனால், தபால்காரர் என்ன தப்புப் பண்ணினார் என்று சலூனில் ஆராய்ச்சி ஆரம்பித்துவிடும். அப்புறம் இவளிடம் எவன் பூ வாங்குவான்?

அன்றைக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியின் பிறந்தநாளுக்காகப் போன் செய்தார். வெள்ளை ரோஜா, நடுவில் மஞ்சள் செவ்வந்தி. கார்டில், 'நீ இல்லாமல் ஒரு நாளும் நகரவில்லை. யார் என்று உனக்கே தெரியும்.' பெயர் வேண்டாமாம். அக்கா ரிப்பன் கட்டி, "தண்ணித் தொட்டித் தெரு, நீலக் கேட்" என்று புருஷனிடம் நீட்டினாள்.

நாலு மணிக்கு அந்தக் கப்பல்காரர் மறுபடி கூப்பிட்டார். மனைவி உர்ரென்று இருக்கிறாளாம், பூ எங்கே என்று கேட்டார். அக்கா புருஷனைப் பிடித்தாள்.

"ஏங்க, பூவை எங்க குடுத்தீங்க?"

"நீலக் கேட்லதான். அந்தத் தெருவுல இப்ப ரெண்டு இருக்கு. ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடக்கு. இன்னொண்ணு புதுசா பெயின்ட் அடிச்சுப் பளிச்சுன்னு இருந்துச்சு, அங்க குடுத்தேன்."

"அங்க யார் வாங்கினா?"

"டீச்சர்."

டீச்சர் என்றால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். இன்றைக்கும் அவரை எதிரில் கண்டால் பேங்க் மானேஜரே சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அவருக்குப் போய் 'நீ', 'உனக்கு'!

"அது டீச்சர் வீடுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே. ஆளைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?"

அக்கா அவசரமாக இன்னொரு கொத்துக் கட்டி, துருப்பிடித்த கேட்டில் தானே கொடுத்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று டீச்சர் வீட்டுக்கு நடந்தாள்.

பூ மேஜை மேல் கண்ணாடி ஜாடியில் இருந்தது. டீச்சர் புதுப் புடவையில் இருந்தார்.

"வாம்மா. பூ நல்லா இருக்கு. யார் அனுப்பினதுன்னு நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். நானே கண்டுபிடிச்சுட்டேன்."

"யாரு டீச்சர்?"

"கடிகாரக் கடைக்காரர். ரெண்டு வருஷமா என் ஒரே கடிகாரத்தைத் திரும்பத் திரும்ப ரிப்பேர் பண்றாரே, எனக்குப் புரியாதா? கடைக்கே போய், நாலு பேர் முன்னாடி தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டார்." டீச்சர் கார்டைக் கையில் எடுத்தார். "என்னை யாராவது 'நீ'ன்னு கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும்மா."

சொல்ல வந்ததை அக்கா மென்று விழுங்கினாள். நாலு பேர் முன்னாடியாம்! உண்மை வெளியே வந்தால் ஊர் சிரிக்கும், டீச்சர் அந்த நீலக் கேட்டைத் தாண்டி வெளியே வரவே மாட்டார். கடிகாரக்காரரோ ரிப்பேரில் ஒரு திருகாணி மிச்சமானால்கூடத் தேடி வந்து கொடுக்கிற ஆள். 'நான் அனுப்பலையே' என்று அவர் வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? காலில் விழுந்தாவது அவர் வாயை அடைக்க வேண்டும் என்று அக்கா ராத்திரி பூரா புரண்டாள்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு அவரே கடை வாசலில் வந்து நின்றார். நன்றாகத் திட்டப்போகிறார் என்று அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நேத்து நான் டீச்சருக்கு அனுப்பினேன்ல," என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அதே மாதிரி இன்னிக்கும் ஒண்ணு போகணும்."

அக்கா ஆர்டர் நோட்டைப் பிரித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"போயிடும் அண்ணே. கார்டுல என்ன எழுத?"

அவர் காது மடல் சிவந்தது.

"நேத்து நான் என்ன எழுதியிருந்தேன்னு கொஞ்சம் சொல்லும்மா."