இரண்டாவது சிங்கம்

எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் காருக்குள் இருந்தபடியே சிங்கங்களைப் பார்க்கும் பூங்காவுக்கு மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் போனேன். கண்ணாடியை இறக்கக் கூடாது என்று வாசலிலேயே எச்சரித்தார்கள். ஆண்சிங்கங்கள் இரண்டும் அண்ணன் தம்பி, சேர்ந்தேதான் திரியும் என்றும் சொன்னார்கள்.

ஊருக்கு அனுப்ப நல்ல போட்டோ வேண்டுமென்று எனக்கு ஒரே பரபரப்பு. சாலையோரம் ஒரு சிங்கம் படுத்திருந்தது. என் பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கி கேமராவை நீட்டினேன்.

“ஏங்க, வேணாம். க்ளோஸ் பண்ணுங்க,” என்றாள் மனைவி.

“ஒரே நிமிஷம்.”

பின்னாலிருந்து சில்லென்று காற்று வந்தது. திரும்பினேன். மகளும் தன் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கியிருந்தாள். இன்னொரு சிங்கம் புல்லிலிருந்து எழுந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிதான் பின்சீட்டுக்குத் தாவிக் கைப்பிடியைச் சுற்றினாள். மூடிய கண்ணாடியில் அதன் மூச்சு ஆவியாகப் படிந்தது.

“ஏண்டி தொறந்தே?” என்று கத்தினேன்.

“யூ ஓப்பன்ட் யுவர்ஸ், அப்பா,” என்றாள், அழாமல்.

இத்தனை வருடமும் இதை அவளுடைய குறும்பாகவே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். முதலில் இறக்கியவன் நான் என்பதை இன்றுதான் சொல்கிறேன்.