உரல் சின்னம்

எழுபதுகளில் ஒரு தேர்தல் சமயம். கரும்பு வெட்டும் காலமும் அதுதான். பண்டசோழநல்லூரிலிருந்து வில்லியனூர்ப் பக்கம் இருந்த சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். டிராக்டர் முதலாளியுடையது. ஊரில் அப்போது அது ஒன்றுதான். ஓட்டுவது நான்.

அந்த வேலை சும்மா கிடைக்கவில்லை. ஆலையில் தரும் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். எந்த வயலை என்றைக்கு வெட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

சீட்டு வந்தால் கண்ணுக்கு நேரே பிடிப்பேன். கொஞ்சம் உதட்டை அசைப்பேன். தலையை ஆட்டிவிட்டு முதலாளியிடம் கொடுப்பேன். அவர் பார்த்து, "செவ்வாக்கெழமதானே?" என்பார். "ஆமாங்க" என்பேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது. விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். என் இடத்துக்கு முதலாளியின் மச்சான் ஓர் ஆளைத் தயாராக வைத்திருந்தார்.

அந்தத் தேர்தலில் முதலாளியே நின்றார். சுயேச்சை. மணி சின்னம். ரோட்டோரம் ஆள் நிறுத்திச் சின்னம் வரைந்த பலகையை ஆட்டச் சொன்னார். மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். பஸ் போனாலும் ஆட்டினார்கள். மாட்டு வண்டி போனாலும் ஆட்டினார்கள். பாடை போனபோதும் ஒருவன் ஆட்டினான்.

எங்கள் பலகையைப் பிடித்தவர் முதலாளியின் மாட்டுக் கொட்டகையில் வேலை பார்த்தவர். எனக்கு மாமன் முறை.

ஒரு நாள் காலையில் லோடு ஏற்றிக்கொண்டு வந்தேன். வளைவில் மாமன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் துள்ளித் துள்ளிப் பலகையை ஆட்டினார். பார்த்தேன். பலகையில் உரல் இருந்தது. உரலுக்குள் உலக்கை நின்றது.

எனக்குத் திக்கென்றது. மாமன் கட்சி மாறிவிட்டாரா? உரல் சின்னத்தில் நிற்பது யார்? பார்த்துக்கொண்டே போனேன். ரோடு திரும்பியது. நான் திரும்பவில்லை.

டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் வாய்க்காலில் இறங்கின. டிரெய்லர் சாய்ந்தது. ரோடெல்லாம் கரும்பு. யாருக்கும் அடி இல்லை. வாய்க்காலில் படுத்திருந்த எருமை மட்டும் எழுந்து வேறு இடம் போனது.

மாமன் பலகையோடு ஓடிவந்தார். "மாப்ளே, உசுரோட கீறியா?"

"கட்சி மாறிட்டியா மாமா?" என்று கேட்டேன்.

"நானா? இன்னாடா ஒளர்ற?"

எதிரே மளிகைக் கடை வைத்திருந்த பாய் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "யோவ், பலகைய தலகீழா புடிச்சினு கீறயே!" என்றார்.

மாமன் திருப்பிப் பிடித்தார். உரல் மணியாகிவிட்டது. உலக்கை அதன் நாக்கு.

விடிந்ததும் பலகையைத் தூக்கிப் பிடிக்கும் கொம்பு கழன்றுவிட்டதாம். மாமன் கல்லால் தட்டி ஆணி அடித்திருக்கிறார். மேல் எது கீழ் எது என்று அவருக்கும் தெரியவில்லை. சின்னத்துக்குக் கீழே எழுத்து இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே உதவவில்லை.

"காலையிலேர்ந்து போறவன் வர்றவன்லாம் சிரிச்சினே போனானுவ மாப்ளே. நம்பளுக்குத்தான் ஓட்டுன்னு நெனச்சேன்" என்றார்.

எதிர்ப்பக்கம் பலகை பிடித்திருந்தவர்கள், "மணி கவுந்துடுச்சிடோய்!" என்று கத்தினார்கள். பிறகு அவர்களே வந்து கரும்பை எடுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒன்றை ஒடித்துக் கடித்துக்கொண்டே.

தூரத்தில் முதலாளியின் கார் வந்தது. மாமன் என் காதில், "ஆடு குறுக்க பூந்துச்சின்னு சொல்லிடு" என்றார்.

முதலாளி இறங்கினார். "இன்னாடா இது?"

"ஆடு குறுக்க வந்துச்சிங்க."

அந்த வளைவில் ஆடு வைத்திருந்தது பாய் ஒருவர்தான். இது எனக்கு அப்போது நினைவில்லை. முதலாளி நேராகப் பாயிடம் திரும்பினார். "ஆட்டைக் கட்டிப் போட மாட்டியா நீ?" என்று சத்தம் போட்டார். பாய் என்னைப் பார்த்தார். குனிந்து ரோட்டில் கிடந்த கரும்பை எடுத்து ஓரமாகப் போட்டார். அதுதான் என்னை என்னமோ செய்தது.

"ஆடு இல்லீங்க. பலகையப் பாத்தேங்க" என்றேன்.

"யாரு பலகைய?"

"நம்ம பலகையத்தாங்க. உரல்னு நெனச்சிட்டேங்க."

"உரலா? கீழ 'மணி'ன்னு எழுதியிருக்கே, படிக்கலியா?"

இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"அப்ப ரெண்டு வருசமா சீட்டப் பாத்து தலைய ஆட்டுனியே?"

"ஆட்ட மட்டுந்தாங்க தெரியும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கையை நீட்டினார். டிராக்டர் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். காரில் கூட வந்திருந்த மச்சான் முன்னால் வந்து நின்றார்.

முதலாளி பலகையை வாங்கிக் கூட்டத்தைப் பார்த்துப் பிடித்தார். "சிரிக்கிறீங்களே, இதுல எழுதிக்கீறத யாரு படிப்பீங்க? கை தூக்குங்க."

பாய் தூக்கினார். எதிர்ப்பக்கப் பலகைக்காரர்களில் ஒருவன் தூக்கினான். அவ்வளவுதான். மற்றவர்கள் கரும்பு கடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி பலகையைக் கீழே இறக்கினார். அவர் ஓட்டுக் கேட்க வந்த ஜனங்கள் அவர்கள். பிறகு சாவியை என் கையில் வைத்தார். "ஓட்டு" என்றார்.

"உங்களுக்குத்தாங்க!" என்று மாமன் பழக்கத்தில் கத்திவிட்டார்.

அப்போதுதான் முதலாளி சிரித்தார்.

தேர்தலில் அவர் தோற்றார். அதற்கு உரல் காரணம் இல்லை என்று அவரே சொன்னார். நானும் மறுக்கவில்லை.

அடுத்த முறை ஆலையில் சீட்டு வாங்கியதும் அங்கிருந்த குமாஸ்தாவிடம், "படிக்கத் தெரியாதுங்க, இன்னா போட்டிருக்கு?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை, ஏரிக்கரை வயல்" என்றார். அவ்வளவுதான் வேலை. பிறகு பாய் கடையில் பொட்டலம் மடிக்கும் காகிதத்தை வைத்து எழுத்துக் கூட்டவும் கற்றுக்கொண்டேன்.

ஆனால் நான் அந்த ரோட்டில் முதலில் கற்றது எழுத்து இல்லை; 'தெரியாது' என்று வாய்விட்டுச் சொல்வது, இன்றைக்கு வரை அதைச் சொல்லி நான் கெட்டதில்லை.