பீரோவுக்குப் பின்னால் போன மீட்டர்

என் மனைவிக்கு மின்சார அலுவலகத்தில் வேலை. கம்பத்தில் ஏற மாட்டாள், ஒயரைத் தொட மாட்டாள். வீட்டில் பல்பு மாற்றுவதுகூட நான்தான். இரண்டாம் மாடியில், பல் கிட்டும் அளவுக்கு ஏசி போட்ட ஓர் அறையில், ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, சுவரளவு திரையில் மின்னும் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் உத்தியோகம். ஒரு புள்ளி என்றால் ஒரு வீட்டு மீட்டர். அலுவலகத்தில் அவளை ரேடியோ அக்கா என்று கூப்பிடுவார்கள்.

ரேடியோ என்று ஏன் பெயர் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் புது மீட்டர்கள் வாய் உள்ளவை. இவ்வளவு கரண்ட் செலவானது என்று கால் மணிக்கொரு தரம், ஒயர் எதுவும் இல்லாமல், பக்கத்து வீட்டு மீட்டரிடம் சொல்லும். அது அடுத்த வீட்டுக்குச் சொல்லும். அப்படியே வீடு வீடாகத் தாவி, தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் பெட்டிக்குப் போய், அங்கிருந்து அலுவலகம் வந்து சேரும். நடுவில் ஒரு மீட்டர் படுத்துக்கொண்டால் சேதி வேறு வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். எங்கள் தெருவில் வம்பு பரவுவதும் இதே முறையில்தான். ஆனால் மீட்டர்கள் கைச்சரக்கு சேர்ப்பதில்லை.

இந்த உத்தியோகம் அவளை எவ்வளவு பிடித்துவிட்டது என்றால், சொந்தக்காரர்கள் யாராவது புது வீடு கட்டி அழைத்தால், மற்றவர்கள் ஹாலைப் பார்ப்பார்கள், சமையலறையைப் பார்ப்பார்கள். இவள் மீட்டர் எங்கே என்று தேடுவாள். படிக்கட்டுக்கு அடியில் மாட்டியிருந்தால் "ஐயோ பாவம், மூச்சு முட்டுமே" என்பாள். பாவம் என்றது மீட்டரை. கடன் வாங்கிக் கட்டியவரை அல்ல.

திரையைப் பார்த்தே எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் வெளியில் மூச்சு விட மாட்டாள். தெரிந்தவர் வீட்டுக் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று அலுவலகத்தில் விதி உண்டு. அதைப் படித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அந்த விதியை அவள் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் மீறினாள். அது என் அக்காவின் வீடு.

அக்கறையா என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலைதான் ஓய்ந்தது, திருத்துவது ஓயவில்லை. கணவர் போய்விட்டார், பிள்ளை குட்டி கிடையாது. நகரத்தின் மறுகோடியில் தனியாக இருக்கிறாள். எங்கள் அம்மா இறந்ததும் அம்மாவின் இரும்பு பீரோ யாருக்கு என்ற பேச்சு வந்தது. "அண்ணியே வெச்சுக்கட்டும், எங்க வீட்டு வாசல்ல அது நுழையாது" என்றாள் என் மனைவி. பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததாக இவள் இன்றும் சொல்கிறாள். அம்மாவின் பொருளை அடைசல் என்று சொல்லிவிட்டாள் என்பது அக்காவின் கட்சி. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் நான்தான் தபால்காரன். இங்கே சொன்னதை அங்கே கொண்டுபோவேன். அக்கா அதில் நாலு திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

பேச்சுதான் இல்லையே தவிர, என் மனைவிக்கு அக்காவின் அன்றாடம் அத்துப்படி. நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்து துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் வரும். "உங்க அக்கா இப்பதான் ஹீட்டர் போடறாங்க. நல்ல தூக்கம் போல." மத்தியானம் இன்னொன்று. "ரொம்ப நேரமா இஸ்திரிப் பெட்டி ஓடுது. எங்கயோ கிளம்பறாங்க. நம்ம வீட்டுக்கு இல்ல, கவலப்படாதீங்க."

ஒருநாள் சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"மூணு நாளா உங்க அக்கா வீட்டுல ராத்திரி சமையலுக்கு அடுப்பே எரியல. கரண்ட் அடுப்புதானே வெச்சிருக்காங்க? கேளுங்க."

"வெளிய சாப்பிட்டிருப்பா."

"அவங்களா? ஹோட்டல் மெனுவத் திருத்திக் குடுத்துட்டுப் பசியோட வர்ற ஆளு. கேளுங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

கேட்டேன். அக்கா உடனே, "என் அடுப்பு எரியலன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள். நான் எச்சில் விழுங்கியது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "சரி. எரியும்னு போய்ச் சொல்லு" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் தவறாமல் அடுப்பு எரிந்தது. என் மனைவிக்குத் தாங்க முடியாத பெருமை. "பாத்தீங்களா? நான் சொன்னா கேக்கறாங்க. நீங்க சொன்னாதான் யாரும் கேக்கறதில்ல" என்று என்னையும் சேர்த்துத் தட்டினாள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டு வாரம் அப்படி ஓடியது.

பிறகு ஒரு முற்பகலில் அக்காவின் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது.

ஒற்றைப் புள்ளி சாம்பலானால் அந்த அலுவலகத்தில் யாரும் பதற மாட்டார்கள். எழுதி வைத்தால் ஆள் முறைப்படி போய்ப் பார்ப்பார். ஆனால் என் மனைவி பதறினாள். கரண்ட் போய் ஒரு மீட்டர் அணைந்தால், அணைவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகும். அதற்கு அவர்கள் கடைசி மூச்சு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கா வீட்டு மீட்டர் அப்படி எதையும் சொல்லவில்லை. அதனால் வீட்டில் கரண்ட் இருக்கிறது. இரண்டு பக்கத்து வீட்டு மீட்டர்களும் நன்றாகப் பேசின. இதை மட்டும் எதுவோ வாயைப் பொத்தியிருக்கிறது. ரேடியோவை இப்படிப் பொத்த இரும்பால்தான் முடியும். மீட்டர் இருப்பது வாசலை ஒட்டிய நடைவழியில், சுவர்க் குழிக்குள். அந்தக் குழியை மூடும் அளவுக்கு அந்த வீட்டில் இருக்கும் இரும்பு, பீரோ ஒன்றுதான்.

கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது.

"என்னங்க, அண்ணி அந்த பீரோவ நகர்த்தியிருக்காங்க."

"அவளாவது, நகர்த்தறதாவது! முதுகு வலின்னு பக்கெட்டே தூக்க மாட்டா."

"அதத்தாங்க சொல்றேன்! தனியா இழுத்து, அது மேல சாஞ்சிருந்தா? நாலு தடவ அடிச்சிட்டேன். எடுக்கல."

ஒரு வருஷத்துக்கு மேல் பேசாதவள் நாலு தடவை ஃபோன் செய்திருக்கிறாள் என்றதும் நான் கையிலிருந்த டார்ச்சை மேஜையில் வைத்தேன். எழுத்துப் பலகையின் மூன்றாவது வரியில் திணறிக்கொண்டிருந்தவரை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நான் போய்ச் சேரும்போது அவள் எனக்கு முன்பே ஆட்டோவில் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கொளுத்தும் வெயிலில், ஸ்வெட்டரைக் கழற்றக்கூட மறந்து. "அண்ணி! அண்ணி!" என்று அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன.

கதவும் திறந்தது. பாதிதான் திறந்தது, மீதியை பீரோ தடுத்தது. இடுக்கில் என் அக்கா, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நின்றாள்.

"கதவ உடைச்சுடாதே. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"பீரோ... நீங்களா நகர்த்தினீங்க?"

"நான் என்ன பயில்வானா? தண்ணி கேன் போடற ஆளுங்க ரெண்டு பேரு தள்ளிக் குடுத்தாங்க. இனிமே நீ எப்படிப் பாக்கறேன்னு பாக்கலாம்னு நான்தான் அங்க வெக்கச் சொன்னேன்."

"ஃபோன் ஏன் எடுக்கல?"

"நீதான்னு பாத்தேன். இத்தன நாள் கழிச்சு அடிக்கறே, கொஞ்சம் அடிக்கட்டுமேன்னு விட்டேன்."

என் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "எனக்கு உயிரே போயிடுச்சு" என்று திட்டிக்கொண்டே அழுதாள். அக்கா திகைத்துப் போய்விட்டாள். எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்த்து, "உள்ள வாம்மா முதல்ல" என்றாள்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து போக வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் சுலபமாகப் போய்விட்டார்கள். என் தொந்தி மாட்டிக்கொண்டது. மூச்சை இழுத்து நான் விடுபடுவதற்குள் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டாள். அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் இருந்தது. மூடியைத் திறந்தாள். வெறும் தண்ணீர். ஃபிரிட்ஜைத் திறந்தாள். பாதி ரொட்டி, காய்ந்துபோன ஒரு எலுமிச்சம்பழம்.

"என்ன அண்ணி இது?"

அக்கா மூடியை வாங்கிப் பாத்திரத்தை மறுபடி மூடினாள். 

"எரியலன்னு கேட்டனுப்பினே இல்ல? எரிச்சேன். தினமும் வெறும் தண்ணிய வெச்சுக் கொதிக்கவிட்டு அணைப்பேன். அங்க ஒருத்தி பாத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகட்டும்னு."

"அப்போ சாப்பாடு?"

"ரொட்டி. ஒருத்திக்கு என்ன சமையல்? வெச்சு, எடுத்து, யார் முகத்தப் பாத்துச் சாப்பிடறது?" அக்கா எங்களைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். "நேத்து தண்ணி கொதிக்கறதப் பாத்துக்கிட்டே நின்னேன். எனக்கே கோவம் வந்துடுச்சு. படியேறி வந்து கேட்டிருந்தா உண்மையச் சொல்லியிருப்பேன். மீட்டர் கிட்ட என்னத்தச் சொல்றது?"

இரண்டு வாரமாக என் மனைவி பெருமையோடு பார்த்துவிட்டு வந்து தூங்கியது அந்தத் தண்ணீரைத்தான்.   அவள் பாத்திரத்தைத் தூக்கினாள். தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இந்தத் தெருவப் பாக்கற வேலைய வேற யாருக்காவது குடுங்கன்னு நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன்" என்றாள். "வெங்காயம் இருக்கா, அதுவும் இல்லையா?"

"இல்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மரம் மாதிரி நிக்கறீங்களே. வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை வாங்கிட்டு வாங்க. மூணு பேருக்கு. வர்றப்ப அந்த தண்ணி கேன் ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க."

"உப்பு நான் போடறேன்" என்றாள் அக்கா. "உன் கைக்கு அளவு தெரியாது."

"போடுங்க, போடுங்க. ஒரு வருஷமா அதச் சொல்ல ஆளில்லாம கஷ்டமா இருந்திருக்கும்."

நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். பிறகு அக்காவின் குரல், நான் கேட்டிராத ஒரு சின்னக் குரல்.

"நாளைக்கும் வருவியா?"

"வரேன். நாளைக்கு நீங்க சமைங்க. நான் உக்காந்து குறை சொல்றேன்."