பெட்டிக்குள் போட்ட வார்த்தைகள்

லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அதனால் தெருவில் லிஃப்ட்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவிதான் பேசினாள். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். அவளிடம் துணி கொடுக்க வருகிறவர்களைவிட, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வருகிறவர்களே அதிகம். ஊர் வம்பெல்லாம் அந்த மிஷின் அடியில் வந்து விழும். அளவு கொடுக்க வந்தவள் வெகுநேரம் பேசிவிட்டு, அளவு கொடுக்காமலே எழுந்து போவதும் உண்டு.

முதலில் அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. பிறகு கத்தரிக்கோல் கனத்தது. பிறகு நாக்கு குழறியது. தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அவள் குழறலோடு சொன்னாள்:

"என்னங்க அநியாயம்! புத்திய எடுத்துக்கிட்டு வாய விட்டு வச்சிருக்கலாமில்ல? எனக்கு சோறு போட்டதே அதுதானே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே உளியை எடுத்து வாசற்படிகளைக் கொத்த ஆரம்பித்தார். பாத்ரூம் கதவை அகலமாக்கினார். சக்கர நாற்காலி ஏறுவதற்கு வாசலில் ஒரு சரிவு கட்டினார். அது செங்குத்தாகிவிட்டதால் நாற்காலி பின்னோக்கி உருண்டது. கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்திருந்த அவள் தங்கை ஓடிவந்து பிடிக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். மறுபடி இடித்து, நீளமாகக் கட்டினார். கையில் வேலை இருந்தவரை அவருக்கு அழுகை வரவில்லை.

பேச்சு முழுதாக நின்றுபோன பிறகு ஒரு பெட்டி செய்தார். கழற்றிப்போட்ட லிஃப்ட் பட்டன்களை அதில் பொருத்தினார். அழுத்தினால் குரல் வரும். குரல் தங்கையுடையது. தண்ணி, பசி, ஃபேன், பாத்ரூம், வலிக்குது. அவளுக்கு இன்னும் அசைந்த வலது பாதத்தால் அழுத்துவதற்கு வசதியாகத் தரையில் வைத்தார். அவள் சில நாள் அழுத்தினாள். பிறகு விட்டுவிட்டாள்.

"இவ்வளவு பாடுபட்டு செஞ்சிருக்கேன், தொட்டுப் பார்க்கவே மாட்டேங்கிறியே" என்று அவர் ஒருநாள் வெடித்துவிட்டார். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் எழுத்துகள் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக்கொண்டே போக, சரியான எழுத்து வந்ததும் மனைவி கண்ணை மேலே தூக்க வேண்டும். பொறுமை போகிற வேலை. கடைசியில் இரண்டு சொற்கள் தேறின. 'கேள்வி இல்லை.'

"என்ன கேள்வி இல்ல?" என்றார் லிஃப்ட்காரர்.

தங்கைக்குத்தான் சட்டென்று புரிந்தது. "மாமா, பெட்டியச் சொல்றா. வேணும் வேணும்னு கேக்கத்தான் அதுல வார்த்தை இருக்கு. அடுத்தவங்கள ஒரு வார்த்தை விசாரிக்க முடியுதா?"

பட்டன்கள் மாறின. 'அப்புறம்?', 'யார் சொன்னா?', 'சாப்பிட்டீங்களா?', 'பொய்!' இவற்றோடு, அவள் பிடிவாதமாக எழுத்துக்கூட்டிக் கேட்டு வாங்கிய 'ரொம்பத்தான்!' அதைப் பதிவு செய்யும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததால் தங்கை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய வாடிக்கைக்காரிகள் மறுபடி வந்தார்கள். ஒருத்தி மருமகளைப் பற்றி ஆரம்பித்தால், பாதம் நகரும், 'அப்புறம்?' என்று பெட்டி கேட்கும். அவ்வளவு போதும், அவள் கொட்டித் தீர்ப்பாள். தன் சம்பள உயர்வைப் பற்றி லிஃப்ட்காரர் கொஞ்சம் பெருமையாகச் சொன்னபோது 'ரொம்பத்தான்!' என்றது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அது நீடிக்கவில்லை. பாதம் ஓய்ந்தது. அவர் சுவிட்சை இன்னும் இலேசாக்கிக் கன்னத்தருகே பொருத்தினார். ஒரே சுவிட்ச். வார்த்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தார்; வேண்டிய இடத்தில் நிறுத்தும் வேகம் கன்னத்துக்கு இல்லை. ஒரு வார்த்தைதான் வைக்கலாம். எது என்று வரிசையாகப் படித்துக் கேட்டார். 'அப்புறம்?' என்றபோது அவள் கண் மேலே போனது. நன்றாகவே பார்த்தார்.

"விளையாடுறீங்களா மாமா?" என்றாள் தங்கை. "திடீர்னு மூச்சு முட்டினா எப்படிச் சொல்லுவா? வலிக்குதுங்கிறது இருந்தே ஆகணும்."

அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, 'வலிக்குது'வை இணைத்தார்.

அதன்பின் பெட்டி ஒரே வார்த்தையைத்தான் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தாள். 'வலிக்குது.' "ஐயையோ, நான்வேற தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்று அவள் எழுந்து போனாள். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே போனார்கள், பிறகு வராமலே இருந்துவிட்டார்கள். வேலை முடிந்து அவர் உள்ளே நுழைந்தாலும் 'வலிக்குது.' பதறிப்போய்த் தலையணையை மாற்றுவார், காலைப் பிடித்துவிடுவார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கண் அசையாது. அவர் எழுந்து நகர்ந்தால் மறுபடி 'வலிக்குது.'

உட்காரச் சொல்கிறாள், பேசச் சொல்கிறாள் என்பது அவருக்கு உறைக்க வெகுநாள் பிடித்தது. உறைத்த அன்றே தங்கையைக் கேட்காமல் வார்த்தையை 'அப்புறம்?' என்று மாற்றினார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அன்று எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றது, யார் உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். கதை சொல்லத் தெரியாத மனிதர். ஆனாலும் பெட்டி கேட்டுக்கொண்டே இருந்தது. சில வாரங்களில் கன்னத்தின் அசைவும் நின்றுபோனது.

அவள் இறந்தது ஒரு மத்தியானம். தங்கை படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். கீழே ஆணியில் மாட்டிய சட்டைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

தங்கை தன் வீட்டுக்குத் திரும்பினாள். சில மாதங்கள் கழித்துப் பயிற்சிக்காரப் பெண் கூப்பிட்டாள். பக்கவாதத்தில் பேச்சு போன ஒரு பெரியவர் இருக்கிறார், பெட்டி கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றாள். லிஃப்ட்காரர் புதிதாக ஒன்று செய்து எடுத்துப்போனார். கட்டிலருகே குனிந்து, "ஐயா, இதுல என்னென்ன வார்த்தை வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். பெரியவர் ஏதோ சொல்ல உதட்டைக் கோணினார்.

"அவர எதுக்குங்க கேக்குறீங்க?" என்றான் மகன். "நான் சொல்றேன், எழுதிக்குங்க. தேவையானது மட்டும் இருந்தா போதும். வெட்டிப் பேச்சுக்கு எங்களுக்கு ஏது நேரம்?"

லிஃப்ட்காரர் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். வாதாடவும் அவருக்குத் தெரியாது. மகன் சொன்னதையே பதிவு செய்துவிட்டு, வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் காட்டினார். பெரியவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று கொழுந்தியாளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அவள் ஒருமுறைகூட 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. "சரி மாமா, அடுப்புல வேலையிருக்கு" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பயிற்சிக்காரப் பெண் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டாள். அவர் வேறொரு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்.